லினக்ஸ் எழும்போதே நம் வேலையும் எழ: தானாகத் தொடங்கும் சேவைகளை அமைப்பது எப்படி?

டெர்மினலில் அடித்தால் ஒழுங்காக ஓடுகிற கட்டளை, கணினி தொடங்கும்போது தானாக ஓட வேண்டும் என்று அமைத்தால் மட்டும் சத்தமில்லாமல் படுத்துவிடுகிறது. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் முட்டிக்கொள்ளும் இடம் இது. பெரும்பாலும் கட்டளையில் பிழை இருப்பதில்லை. அது ஓடுகிற சூழல்தான் வேறாக இருக்கிறது.

டெர்மினலில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பயனர் பெயர், உங்கள் ஹோம் கோப்புறை, நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' பட்டியல், ஏற்கெனவே இணைந்துவிட்ட வைஃபை, நிரல் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல விசைப்பலகை எல்லாம் தயாராக இருக்கின்றன. கணினி எழுந்துகொண்டிருக்கும் நொடிகளில் இவற்றில் எதையும் நம்ப முடியாது. ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை யாருடைய பெயரில் ஓட வேண்டும்? எது தயாரான பிறகு ஓட வேண்டும்? ஒருமுறை ஓடி முடிந்துவிடுமா, தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்குமா? பதில் தெரிந்துவிட்டால் முறை தானாகவே அமைந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல்' என்றால் சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி (டைம் என்பதன் முதல் எழுத்து), எல் என்ற மூன்று எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஒட்டியது. 'ஜர்னல்சிடிஎல்' என்பதும் அப்படியே. '/ஈடிசி' என்றால் ஈ, அதே டி, சி. சேவைக் கோப்புக்குள் வரும் தலைப்புகளிலும் வரிப் பெயர்களிலும் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து: 'எக்ஸெக்ஸ்டார்ட்' என்பதில் ஈ, எஸ் இரண்டும் பெரியவை, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. இதில் தவறினால் அந்த வரியை அமைப்பு பொருட்படுத்தாமல் கடந்துவிடும்.

கணினி எழும் வரிசை

பொத்தானை அழுத்தியதும் முதலில் தாய்ப்பலகையில் உள்ள ஃபர்ம்வேர் விழிக்கிறது. அது கிரப் போன்ற பூட்லோடரை அழைக்கிறது. பூட்லோடர் லினக்ஸ் கெர்னலையும், தொடக்கத்துக்கு மட்டும் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்பொருளைக் கண்டறிந்து, வட்டைப் பொருத்தி, கடைசியாக ஒரே ஒரு நிரலை இயக்குகிறது. அதன் செயல் எண் 1. மற்ற எல்லா நிரல்களும் அதன் வழி வந்தவையே. நாம் பேசப்போவது அந்த ஒன்றாம் எண் நிரலோடுதான்.

பல ஆண்டுகள் அந்த இடத்தில் சிஸ்வி இனிட் இருந்தது. அது ஸ்கிரிப்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். உபுண்டு 2006இல் அப்ஸ்டார்ட் என்ற மாற்றைக் கொண்டுவந்தது. 2010இல் லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார்கள். 2011இல் ஃபெடோரா 15, 2014இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 என்று பெரிய வெளியீடுகள் வரிசையாக அதற்கு மாறின. சிஸ்டம்டியை வெறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களது வாதங்களில் நியாயமும் உண்டு. ஆனால் புதியவர் கையில் கிடைக்கும் லினக்ஸில் பெரும்பாலும் இருப்பது அதுதான் என்பதால் அதையே கற்போம். ஆல்பைன் போன்ற சில வகைகளில் ஓபன்ஆர்சி இருக்கும். வாய்டு லினக்ஸில் ரன்இட் இருக்கும். உங்களிடம் எது என்று பார்க்க ('-பி' என்பது பிராசஸ் என்பதன் முதல் எழுத்து, 'காம்' என்பதில் எம் இரண்டு முறை):

```
பிஎஸ் -பி 1 -ஓ காம்=
```

'சிஸ்டம்டி' என்று பதில் வந்தால் மேலே படியுங்கள்.

குறுக்கு வழி: கிரானில் ஒரு வரி

சின்ன வேலை, உங்கள் சொந்தப் பெயரில் ஓடினால் போதும், தவறினாலும் குடிமுழுகாது என்றால், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் என்ற நிரல் போதும். 'கிரான்டேப் -ஈ' என்று அடித்தால் உங்களுக்கான அட்டவணை திறக்கும். அதில் ஒரு வரி:

```
@ரீபூட் /ஹோம்/பயனர்/ஸ்கிரிப்டுகள்/வேலை.எஸ்எச் >> /ஹோம்/பயனர்/வேலை.லாக் 2>&1
```

வரியின் கடைசியில் உள்ள '2>&1' பிழைச் செய்திகளையும் அதே கோப்பில் சேர்க்கிறது. இதை விட்டுவிட்டால் வேலை தவறும்போது கையில் எந்தத் தடயமும் இருக்காது. முழுப் பாதையும் அவசியம், ஏனென்றால் கிரானுக்குத் தெரிந்த பாத் பட்டியல் மிகக் குறுகியது. இன்னொரு பொறி சதவீதக் குறி. கிரான் அட்டவணையில் அந்தக் குறிக்குப் புதிய வரி என்று பொருள். 'டேட் +%எஃப்' என்று எழுதினால் கட்டளை நடுவில் வெட்டுப்படும். குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டுக்குள் வைத்து, கிரானில் அந்த ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது.

கிரானுக்கு 'எதற்குப் பிறகு' என்பது தெரியாது. அது எழும் நேரத்தில் நெட்வொர்க் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பலர் இதற்கு ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'ஸ்லீப் 30' என்று போட்டு வைப்பார்கள். அது சூதாட்டம். இருபத்தொன்பது நாள் ஓடும், முப்பதாம் நாள் ரவுட்டர் சற்றுத் தாமதித்தால் கவிழும். நிரல் நடுவில் செத்துப்போனால் கிரான் அதை எழுப்பாது. மேலும், ஆர்ச் போன்ற வகைகளில் கிரான் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்காது.

இணையத்தில் தேடினால் '/ஈடிசி/ஆர்சி.லோக்கல்' என்ற கோப்பில் கட்டளையை எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளும் கிடைக்கும். அந்தக் கோப்பு இருந்து, அதற்கு இயக்கும் அனுமதியும் இருந்தால் சிஸ்டம்டி இன்றும் பல வகைகளில் அதை ஓட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவை எதுவும் இல்லை.

'.பாஷ்ஆர்சி' கோப்பில் எழுதிவிட்டு, கணினி தொடங்கும்போது ஓடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அது கணினி தொடங்கும்போது ஓடுவதில்லை, நீங்கள் டெர்மினலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுவது. ஐந்து டெர்மினல் திறந்தால் உங்கள் நிரல் ஐந்து நகல்களாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் சேவை

உண்மையான வேலையைக் கொண்டு தொடங்காதீர்கள். கெடுதல் செய்ய முடியாத ஒரு சின்ன ஸ்கிரிப்டை முதலில் ஓடவைத்துப் பாருங்கள். கணினி எழுந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைக்கும் ஸ்கிரிப்ட் இது:

```
#!/பின்/பாஷ்
டேட் >> /வார்/லாக்/தொடக்கம்.லாக்
```

இதை '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/தொடக்கம்.எஸ்எச்' என்று சேமியுங்கள். அந்த இடத்தில் எழுத நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால் 'சூடோ நானோ' என்று தொடங்கி எடிட்டரைத் திறக்கவும். ஹோம் கோப்புறையிலேயே வைத்தால் என்ன என்று தோன்றும். ஃபெடோரா போன்ற, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல் இயங்கும் வகைகளில், ஹோமுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டைக் கணினிச் சேவை இயக்குவதற்குத் தடை விழும்; 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு அனுமதிகளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்து இயக்கும் அனுமதி கொடுங்கள்:

```
சூடோ சிஎச்மாட் +எக்ஸ் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/தொடக்கம்.எஸ்எச்
```

ஸ்கிரிப்டை ஒருமுறை சூடோவோடு கையால் ஓட்டிப் பாருங்கள். கையால் ஓடாதது தானாக ஒருபோதும் ஓடாது.

இப்போது சேவைக் கோப்பு. '/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/' என்ற கோப்புறையில் 'தொடக்கம்.சர்வீஸ்' என்று ஒன்றை உருவாக்குங்கள். கோப்பின் பெயர் ஆங்கில எழுத்து, எண், கோடு, புள்ளி போன்றவற்றில்தான் இருக்க முடியும். சேவையின் பெயரில் தமிழ் எழுத்தைச் சிஸ்டம்டி ஏற்காது. 'டிஸ்கிரிப்ஷன்' வரியில் தமிழிலேயே தாராளமாக எழுதலாம். நிலவரம் கேட்கும்போது அது அப்படியே தமிழில் தெரியும்.

```
[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=கணினி எழுந்த நேரத்தைக் குறித்தல்

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/தொடக்கம்.எஸ்எச்

[இன்ஸ்டால்]
வாண்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்
```

'ஒன்ஷாட்' என்றால் ஒருமுறை ஓடி முடிந்துவிடும் வேலை. கடைசி வரி, எந்தக் கட்டத்தில் இந்தச் சேவையை இழுத்துக்கொள்வது என்று சொல்கிறது. மல்டி-யூசர் என்பது பயனர்கள் உள்நுழையும் அளவுக்குக் கணினி தயாரான நிலை. வரைகலைத் திரை இல்லாத சர்வரிலும் அது உண்டு. பெரும்பாலான சேவைகளுக்கு இதுவே பொருத்தமானது.

கோப்பைச் சேமித்ததும்:

```
சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் தொடக்கம்.சர்வீஸ்
சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் தொடக்கம்.சர்வீஸ்
```

முதல் கட்டளை, கோப்புகள் மாறியிருப்பதைச் சிஸ்டம்டிக்குத் தெரிவிக்கிறது. சேவைக் கோப்பில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் இதை மறுபடி சொல்ல வேண்டும். இரண்டாவது, சேவையை இப்போதே ஓட்டுகிறது. கணினியை அணைத்துப் போட்டுச் சோதிப்பதைவிட இது எவ்வளவோ விரைவு; பெரும்பாலான பிழைகள் இங்கேயே அகப்படும். நிலவரத்தில் 'இனாக்டிவ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஒன்ஷாட் சேவை வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது என்பதே அதற்குப் பொருள். 'ஃபெய்ல்டு' என்று வந்தால்தான் கவலை.

எல்லாம் சரி என்றால்:

```
சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் தொடக்கம்.சர்வீஸ்
```

'ஸ்டார்ட்', 'எனேபிள்' இரண்டும் வெவ்வேறு என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் இப்போது ஓட்டுகிறது, அடுத்த தொடக்கத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. எனேபிள் அடுத்த தொடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறது, இப்போது எதையும் ஓட்டுவதில்லை. அது செய்வதெல்லாம் 'மல்டி-யூசர்.டார்கெட்.வாண்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் உங்கள் சேவைக் கோப்புக்கு ஒரு சுட்டியைப் போடுவதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் 'எனேபிள் --நவ்' என்று எழுதலாம்.

கணினியை மறுதொடக்கம் செய்து லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். புதிய வரி ஒன்று சேர்ந்திருக்கும்.

எக்ஸெக்ஸ்டார்ட் ஷெல் அல்ல

டெர்மினல் பழக்கத்தில் அந்த வரியில் குழாய்க்குறி, திசைதிருப்பும் அம்புக்குறி, இரண்டு கட்டளைகளை இணைக்கும் '&&' ஆகியவற்றை எழுதத் தோன்றும். அவையெல்லாம் டெர்மினலில் நீங்கள் அடிப்பதைப் படித்து இயக்கும் பாஷ் போன்ற ஷெல்லுக்குத்தான் புரியும். சிஸ்டம்டி நிரலை நேரடியாக அழைக்கிறது. நீங்கள் எழுதிய அம்புக்குறியை நிரலுக்குக் கொடுத்த இன்னொரு சொல்லாகவே அனுப்பிவிடும். ஹோமைக் குறிக்கும் அலைக்குறியும் இங்கே விரியாது. தேவையென்றால் '/பின்/எஸ்எச் -சி' என்று தொடங்கி முழுக் கட்டளையையும் மேற்கோள் குறிக்குள் வைக்கலாம். எனக்கு அதுவும் பிடிக்காது. மேற்கோளுக்குள் மேற்கோள் என்று சிக்கலாகிவிடும். ஸ்கிரிப்டாக எழுதி அதை அழைப்பதே சுத்தம். சதவீதக் குறிக்கு இங்கேயும் தனிப்பொருள் உண்டு. அதை அப்படியே எழுத இரண்டு முறை அடிக்க வேண்டும்.

நிரலைப் பின்னணிக்கு அனுப்ப வரியின் கடைசியில் '&' போடும் பழக்கத்தையும் 'நோஹப்' சேர்க்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். முன்னணியில் ஓடும் நிரலைத்தான் சிஸ்டம்டி எதிர்பார்க்கிறது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு அதனுடையது. ஸ்கிரிப்டுக்குள் நிரலைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு ஸ்கிரிப்ட் முடிந்துபோனால், சேவை முடிந்துவிட்டது என்று கருதி, அந்தச் சேவையின் கீழ் மிச்சமிருக்கும் எல்லா நிரல்களையும் சிஸ்டம்டி கொன்றுவிடும். 'ஒரு நொடி ஓடிவிட்டு நின்றுவிடுகிறது' என்ற குறைபாட்டுக்குப் பல நேரம் இதுவே காரணம்.

ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்கு

ஒரு பைத்தான் நிரல், உணரி ஒன்றிலிருந்து வெப்பநிலையைப் படித்து நெட்வொர்க் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது '/ஆப்ட்/உணரி/' கோப்புறையில் இருக்கிறது. இதற்கு நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. 'யூசர்' வரி எழுதாவிட்டால் கணினிச் சேவைகள் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில்தான் ஓடும். அந்த நிரலில் ஒரு ஓட்டை இருந்தால் முழுக் கணினியும் திறந்துகிடக்கும். ஆகவே அதற்கென்றே ஒரு பயனரை உருவாக்கிவிடுங்கள்:

```
சூடோ யூசர்ஆட் --சிஸ்டம் உணரி
```

சேவைக் கோப்பு:

```
[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=வெப்பநிலை அனுப்பும் நிரல்
வாண்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=உணரி
வொர்க்கிங்டைரக்டரி=/ஆப்ட்/உணரி
ஸ்டேட்டைரக்டரி=உணரி
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 -யூ /ஆப்ட்/உணரி/மெயின்.பை
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர்
ரீஸ்டார்ட்செக்=5

[இன்ஸ்டால்]
வாண்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்
```

இதில் 'வாண்ட்ஸ்', 'ஆஃப்டர்' என்ற இரண்டு வரிகளும் ஏன் தேவை? ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது: அது தொடங்குவதாக இருந்தால் அதற்குப் பிறகு நான். வாண்ட்ஸ் வரிதான் 'அதையும் தொடங்கு' என்று கேட்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் நடக்கும். 'நெட்வொர்க்.டார்கெட்' என்று சுருக்கமாக இன்னொன்றும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது, இணைப்பு கிடைத்துவிட்டது என்பதை அல்ல. ஆன்லைன் டார்கெட் கூட ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்ற அளவுக்குத்தான் உறுதி தரும். தொலைவில் உள்ள சர்வர் பதில் சொல்லும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. ஆகவே இணைப்பு கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும் அறிவு நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

'ரீஸ்டார்ட்' வரி, நிரல் பிழையோடு நின்றால் மறுபடி எழுப்பச் சொல்கிறது. எழுதாவிட்டால் எழுப்பாது. 'ரீஸ்டார்ட்செக்' இடைவெளி, அதைச் சொல்லாவிட்டால் 100 மில்லிநொடியில் மறுபடி தொடங்கும். பத்து நொடிக்குள் ஐந்து முறை தொடங்கிவிட்டால், வழக்கமான அமைப்பில் சிஸ்டம்டி சலித்துப்போய்க் கைவிட்டுவிடும். நெட்வொர்க் வரத் தாமதமாகும் கணினியில் இந்த ஐந்து முயற்சியும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஐந்து நொடி இடைவெளி வைத்தால் அந்த எல்லையைத் தொடாமலே முயன்றுகொண்டிருக்கும்.

'ஸ்டேட்டைரக்டரி' அதிகம் பேசப்படாத, மிகப் பயனுள்ள வரி. '/வார்/லிப்/உணரி' என்ற கோப்புறையை உருவாக்கி அதன் உரிமையையும் அந்தப் பயனருக்கே கொடுத்துவிடும். நிரல் தன் தரவுகளை அங்கே எழுதிக்கொள்ளலாம். பைத்தானுக்குப் பின்னால் உள்ள '-யூ' எதற்கென்றால், வெளியீடு திரைக்குப் போகாதபோது பைத்தான் அதைத் தேக்கி வைத்துக் கொத்தாகத்தான் வெளியே தள்ளும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும், பதிவிலோ ஒரு வரியும் இருக்காது. '-யூ' அந்தத் தேக்கத்தை நீக்குகிறது.

ஓடவில்லை என்றால்

ஊகிக்காதீர்கள், படியுங்கள். சேவைகள் திரையில் எழுத நினைப்பதெல்லாம் ஜர்னல் என்ற பதிவேட்டில் சேர்கிறது.

```
ஜர்னல்சிடிஎல் -யூ உணரி.சர்வீஸ் -பி
```

இங்கே '-பி' (பூட் என்பதன் முதல் எழுத்து) என்றால் இந்தத் தொடக்கத்திலிருந்து மட்டும். '-பி -1' என்றால் இதற்கு முந்தைய தொடக்கம். பழைய தொடக்கத்தின் பதிவு இல்லை என்று பதில் வந்தால், '/வார்/லாக்/ஜர்னல்' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான அமைப்பில் அது இல்லாவிட்டால் பதிவுகள் நினைவகத்திலேயே இருந்து, கணினி அணைந்ததும் போய்விடும்.

நிலவரத்தில் வரும் எண்களுக்குப் பொருள் உண்டு. 203 என்றால் நிரலை இயக்கவே முடியவில்லை: பாதை தவறு, இயக்கும் அனுமதி இல்லை, அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரி சரியில்லை. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டாக இருந்தால் அந்த முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, ஆனாலும் 203 வருகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 217 என்றால் அந்தப் பெயரில் பயனர் இல்லை. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரியில் சொன்ன கோப்புறைக்குள் போக முடியவில்லை. 1, 2 போன்ற சிறிய எண்கள் பெரும்பாலும் உங்கள் நிரலே சொன்னவை. சிஸ்டம்டியைத் திட்டிப் பயனில்லை. சேவைக் கோப்பின் எழுத்துப் பிழைகளை முன்கூட்டியே பிடிக்க 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' என்று எழுதி கோப்பின் பாதையைக் கொடுங்கள்.

உங்கள் பெயரில், உங்கள் திரையில்

இசை ஒத்திசைவு, கோப்பு ஒத்திசைவு போன்ற சொந்த வேலைகளுக்குச் சூடோவே தேவையில்லை. சேவைக் கோப்பை ஹோமில் உள்ள '.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர்/' கோப்புறையில் வையுங்கள். 'யூசர்' வரியை எடுத்துவிடுங்கள், 'வாண்டட்பை' வரியில் 'டிஃபால்ட்.டார்கெட்' என்று மாற்றுங்கள். எல்லாச் சிஸ்டம்சிடிஎல் கட்டளைகளிலும் '--யூசர்' சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய சேவை நீங்கள் உள்நுழையும்போது தொடங்கும், வெளியேறியதும் நின்றுவிடும். உள்நுழையாமலே கணினி எழும்போது தொடங்க வேண்டுமென்றால்:

```
சூடோ லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் பயனர்
```

ஒரு குறை உண்டு. பயனர் சேவைகளால் கணினிச் சேவைகளுக்காகக் காத்திருக்க முடியாது. நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் அவற்றுக்குக் கண்ணில் படாது.

ஜன்னல் திறக்கும் நிரல்களுக்கு இதெல்லாம் வேண்டாம். திரை வந்த பிறகுதான் அவற்றுக்கு வாழ்வு. டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் தொடக்க நிரல்களுக்கான பட்டியல் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நிரலின் '.டெஸ்க்டாப்' கோப்பை ஹோமில் உள்ள '.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட்/' கோப்புறைக்குள் நகலெடுத்தால் போதும்.

எழுந்தவுடன் வேண்டாம், ஐந்து நிமிடம் கழித்து ஓடட்டும் என்றால் டைமர் இருக்கிறது. 'தொடக்கம்.சர்வீஸ்' கோப்புக்குப் பக்கத்திலேயே 'தொடக்கம்.டைமர்' என்று ஒன்றை எழுதி, '[டைமர்]' தலைப்பின் கீழ் 'ஆன்பூட்செக்=5மின்' என்றும், '[இன்ஸ்டால்]' தலைப்பின் கீழ் 'வாண்டட்பை=டைமர்ஸ்.டார்கெட்' என்றும் கொடுங்கள். எனேபிள் செய்ய வேண்டியது டைமரை. சேவையை எனேபிள் செய்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை ஓடும்.

மாற்றவும் நிறுத்தவும்

நீங்கள் நிறுவிய மென்பொருளோடு வந்த சேவைக் கோப்புகள் பொதுவாக '/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்/' கோப்புறையில் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று எழுதிச் சேவையின் பெயரைக் கொடுத்தால் ஒரு தனிக் கோப்பு திறக்கும். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும், உரிய தலைப்போடு அதில் எழுதினால் போதும். எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றும்போது மட்டும் முதலில் 'எக்ஸெக்ஸ்டார்ட்=' என்று வெறுமையாக ஒரு வரி எழுதிப் பழையதை நீக்கிவிட்டு, அடுத்த வரியில் புதியதை எழுத வேண்டும்.

வேண்டாத சேவைக்கு 'டிஸேபிள் --நவ்'. அப்படியும் வேறொரு சேவை அதை இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் 'மாஸ்க்'. அதன் பிறகு யாராலும் அதைத் தொடங்க முடியாது. தொடக்கம் மெதுவாக இருந்தால் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரிசைப்படுத்திக் காட்டும். பட்டியலின் உச்சியில் இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல. பல சேவைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் நீண்ட நேரம் எடுத்தது யாரையும் காக்கவைக்காமலும் இருந்திருக்கலாம். யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதை 'கிரிட்டிக்கல்-செயின்' சொல்லும்.

நீங்கள் எழுதிய சேவையே கணினியை எழவிடாமல் தடுத்துவிட்டால்? ஒன்ஷாட் சேவைக்கு வழக்கமாகத் தொடக்கக் கால வரம்பு கிடையாது. முடிவில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டை அப்படி அமைத்து, மற்ற சேவைகளுக்கு முன்னால் ஓடச் சொல்லியிருந்தால் கணினி அங்கேயே நிற்கும். அப்போது மறுதொடக்கம் செய்து கிரப் பட்டியலை வரவழையுங்கள். அது மறைந்திருந்தால் எழும்போதே எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசை அதைக் கொண்டுவரும். பட்டியலில் உங்கள் லினக்ஸ் மீது நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு,

```
சிஸ்டம்டி.மாஸ்க்=தொடக்கம்.சர்வீஸ்
```

என்று சேர்த்து, கண்ட்ரோல் விசையோடு எக்ஸ் அழுத்துங்கள். அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் அந்தச் சேவை முடங்கும், மற்றதெல்லாம் வழக்கம்போல் வரும். மீட்பு நிலைக்குப் போகும் 'சிஸ்டம்டி.யூனிட்=ரெஸ்க்யூ.டார்கெட்' என்ற வழியும் உண்டு. ஆனால் அது ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும், உபுண்டு போன்றவற்றில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும். ஆகவே குற்றவாளி யார் என்று தெரிந்திருக்கும்போது மாஸ்க் வழிதான் சுருக்கம். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தச் சேவையை டிஸேபிள் செய்துவிட்டு, அதன் பிறகு ஜர்னலைத் திறங்கள்.